சொந்தமாக எழுதவும்

ஒரு கட்டுரையை யார் எழுதியது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வரி போதும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். நோட்ஸைப் பார்த்து எழுதியது, டியூஷனில் உருப்போட்டது, அம்மா சொல்லச் சொல்ல எழுதியது, அப்பா ஆபீசிலிருந்து போனில் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை உண்டு. இப்போது புதிதாகப் போனே எழுதிக் கொடுக்கிறது. அதைப் பிடிப்பதுதான் இருப்பதிலேயே சுலபம், போன் எழுதிய கட்டுரையில் யாருக்கும் கோபமே வராது.

இந்தத் திறமையை நம்பித்தான் போன வருஷம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நாற்பது நிமிஷம் நிற்கவைத்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் தலைப்புகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரைத் தலைப்புகளை நீங்களும் எழுதித்தான் வந்திருப்பீர்கள். மரம் வளர்ப்போம். நூலகத்தின் பயன். நான் முதலமைச்சரானால். பேனா பேசுகிறது. முன்னுரை, நடுவில் நான்கு உட்தலைப்பு, முடிவுரை. முன்னுரையில் ஒரு மேற்கோள் இருக்கும், முடிவுரையில் எல்லோருமாகச் சேர்ந்து நாட்டை உயர்த்துவார்கள். நாற்பது நோட்டுகளைத் திருத்தினால் நாற்பது முறை நாடு உயரும். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. தலைமையாசிரியையிடம் போய், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை எனக்குக் கொடுங்கள், மார்க்கும் இல்லாமல் பரீட்சையும் இல்லாமல் ஓர் எழுத்து வகுப்பு நடத்துகிறேன் என்று கேட்டேன்.

அந்தப் பீரியடில் பிள்ளைகள் செஸ், ரோபோட்டிக்ஸ், பாட்டு என்று விரும்பியதில் சேரலாம். "செஸ்ஸ விட்டுட்டுத் தமிழ் எழுத யாரு வரப்போறா?" என்றார் அவர்.

"வருவாங்க மேடம்" என்றேன்.

முதல் வருஷம் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் செஸ்ஸில் இடம் கிடைக்காதவர்கள். நான் விடவில்லை. போன வருஷம் இருபத்தாறு பேர், அதில் செஸ்ஸிலிருந்து தாவி வந்தவர்களே மூன்று பேர்.

தலைப்புகள் எனக்கு அடையாறிலிருந்து லஸ்ஸுக்கு வரும் பஸ்ஸில் கிடைக்கும். பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவதில் பாதிதான் காதில் விழும், மீதிப் பாதியை எழுது. மழை விட்டதும் உன் தெருவில் முதலில் வெளியே தலை நீட்டுவது யார்? உன் அம்மாவின் கைப்பையில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுது, ஆனால் அது என்னவென்று கடைசிவரை சொல்லாதே. உங்கள் வீட்டில் அடிக்கடி தொலைந்துபோவது எது, கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு என்ன மரியாதை கிடைக்கும்? நல்ல தலைப்புக்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்றே ஒன்றுதான். அதற்கு விடை நோட்ஸ் போடுகிறவருக்குத் தெரியக்கூடாது, பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'மரம் வளர்ப்போம்' தோற்பது இந்த இடத்தில்தான்.

தொடங்கிய புதிதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். பிள்ளைகள் சனி ஞாயிறில் யோசித்து எழுதட்டும் என்று தலைப்பைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். 'நான் முதல்முறையாகத் தனியாகப் போன இடம்' என்பது தலைப்பு. திங்கட்கிழமை கட்டுரைகள் வந்து குவிந்தன. எல்லாம் பிரமாதமான நடை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், "என் கல்லூரி நாட்களில் தேனாம்பேட்டை விடுதியிலிருந்து" என்று ஆரம்பித்திருந்தான். இன்னொருவன் ஒரு படி மேலே போய், "திருமணத்துக்குப் பிறகு முதன்முதலாகப் பிறந்த வீட்டுக்குத் தனியாகப் போனேன்" என்று எழுதியிருந்தான். அம்மா எழுதிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் பார்த்து எழுதியிருக்கிறான், பாவம். அவன் அம்மாவின் கட்டுரை உண்மையிலேயே நன்றாக இருந்தது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

அன்றிலிருந்து தலைப்புகள் துண்டுச் சீட்டில்தான். காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் குலுக்குவேன், யாராவது ஒரு பிள்ளை எடுக்கும், அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும். பாதியில் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் எனக்குப் பிடித்ததை நானே உரக்கப் படிப்பேன். பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் படிக்கும்போது யார் காது சிவக்கிறது என்பதை வைத்து எல்லோருக்கும் தெரிந்துவிடும். பரிசு அவ்வளவுதான். அதற்கே அடிதடி நடக்கும்.

அந்தப் பெண் ஜூன் மாதத்திலேயே சேர்ந்தாள். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் அப்பா ஆரி வேலைக் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டில் ஜரியும் மணியும் வைத்துத் தைக்கும் கடை. மாடியில் வீடு. வீட்டில் உருது பேசுவார்கள். பேசும்போது அவள் தமிழ் கொஞ்சம் திக்கித்தான் வரும், அதனால் அதிகம் பேசமாட்டாள். எழுதும்போது தலையே தூக்கமாட்டாள். அக்டோபர் வரை அவள் எழுதியது ஒழுங்காக இருந்தது, சின்னதாக இருந்தது. அவளை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. எனக்குப் பிடித்தவர்கள் வேறு நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் எழுதியதைத்தான் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டிலிலிருந்து இப்படி ஒரு சீட்டு வந்தது: 'உன்னைச் சுற்றி இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தும் ஒரு நிமிஷம்.' பிள்ளைகள் பேனாவை எடுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, புயல் எச்சரிக்கை என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. என் விதியை நானே மீறி, "வீட்ல முடிச்சு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லும்போதே தெரியும், இந்த வாரம் அம்மாக்களின் வாரம். மூன்று நாள் மழை விடுமுறை முடிந்து நோட்டுகள் வந்தபோது சிவப்புப் பேனாவுக்கு மூடியே போடாமல் உட்கார்ந்தேன். எதிர்பார்த்தபடியே ஐந்து அம்மாக்களையும் ஒரு போனையும் பிடித்தேன். எனக்கு நல்ல உற்சாகம். அப்போதுதான் இவளுடைய நோட்டு வந்தது. அவள் எழுதியிருந்ததில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"கல்யாணப் பெண் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போனதும் எங்கள் கடையில் பேச்சு நின்றுவிடும். வேலை செய்யும் அண்ணன்கள் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிடுவார்கள். மின்விசிறி மட்டும் வேலை பார்க்கும். பெண் வெளியே வருவாள். கண்ணாடியைப் பார்க்க மாட்டாள். அவள் அம்மா முகத்தைப் பார்ப்பாள். அம்மாவின் முகத்தை எங்கள் அப்பா பார்ப்பார். அப்பாவின் முகத்தை நாங்கள் பார்ப்போம். இப்படி வரிசையாகப் பார்த்து முடிக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நாற்பது நாள் வேலை."

இரண்டாவது முறை படித்தேன். 'மின்விசிறி மட்டும் வேலை பார்க்கும்' என்ற வரியில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். நானும் கதை எழுதுகிறவள்தான். இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன, பதினோரு கதைகள் திரும்பி வந்திருக்கின்றன. அந்த மாதிரி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். பிறகு துப்பறியும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இரண்டு பக்கத்தில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. சொந்தமாக எழுதுகிற பிள்ளை அடிக்காமல் எழுதாது. பார்த்து எழுதினால்தான் இப்படி வரும். அப்புறம் வீட்டில் உருது. உருது பேசுகிற வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு தமிழ் எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் இதை நாகரிகமாகச் சொல்ல முடியவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

நோட்டின் அடியில் சிவப்பில் எழுதினேன்: சொந்தமாக எழுதவும்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் அவளை எழுப்பினேன்.

"இத யாரு எழுதிக் குடுத்தா?"

"நான்தான் மிஸ்."

"வீட்ல தமிழ் பேசுவீங்களா?"

"இல்ல மிஸ்."

"அப்புறம் எப்படி? மின்விசிறி மட்டும் வேலை பார்க்கும், இதெல்லாம் உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு? ஃபேன் வந்து சொல்லிச்சா?"

வகுப்பு சிரித்தது. நான் நகைச்சுவையாகப் பேசினால் வகுப்பு சிரிக்கும், அது இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவள் மறுபடியும் "நான்தான் மிஸ்" என்றாள். உண்மையைச் சொல்கிறவரை நில் என்று சொல்லிவிட்டு நான் பாட்டிலைக் குலுக்கினேன். மற்றவர்கள் எழுதினார்கள். அவள் மணி அடிக்கிறவரை நின்றாள். நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைவு, நான்தான் நிமிரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் எழுதியதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைய சீட்டு 'உன் தெருவில் யாருக்கும் பிடிக்காத சத்தம்'. அவள் ஒலி மாசு பற்றி எழுதியிருந்தாள். முன்னுரை. ஒலி மாசின் காரணங்கள். ஒலி மாசின் தீமைகள். தடுக்கும் வழிகள். முடிவுரையில் நாடு உயர்ந்திருந்தது. ஒரு பிழை இல்லை. எந்த நோட்ஸிலிருந்து என்று அடுத்த நிமிஷமே சொல்லிவிடுவேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் 'அம்மாவின் கைப்பை' சீட்டுக்குத் தாய்மையின் சிறப்பு வந்தது. இப்போது அவளை நான் எதுவும் சொல்ல முடியாது. பார்த்து எழுதுகிறாய் என்று நான் சொன்னேன், அவள் பார்த்து எழுதிக் காட்டுகிறாள். பன்னிரண்டு வயதில் இவ்வளவு அழுத்தமா என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் சந்தேகமும் வந்துவிட்டது. மாட்டிக்கொண்ட பிள்ளை அசடு வழியும், இல்லையென்றால் குழையும். இது இரண்டும் இல்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அவள் அப்பா வந்தார். ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையில் ஒரு படிவத்தோடு நின்றார். எழுத்து வகுப்பிலிருந்து செஸ்ஸுக்கு மாற்றக் கோரும் படிவம். பெற்றோர் கையெழுத்து இருந்தது, என் கையெழுத்துதான் பாக்கி.

"இன்னா பிரச்சினைன்னு தெரில மேடம். செஸ்ல சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. அதுக்குக் குதிர எப்டிப் போவும்னுகூடத் தெரியாது."

"அவளே கேட்டாளா?"

"ஆமா மேடம். போன மாசம் வரைக்கும் வெள்ளிக்கிழமைன்னா பறந்துக்கினு வரும். வந்து எங்க எல்லாரையும் குந்த வெச்சி, இன்னா எழுதிச்சோ அத உருதுல சொல்லிக் காட்டும். எங்களுக்குத் தமிழ் படிக்க வராதுல்ல? இப்ப நோட்டத் தொடவே மாட்டேங்குது."

"வீட்ல யாருக்குமே தமிழ் வராதா?"

"பேசுவேன் மேடம், நல்லா பேசுவேன். எழுதறதுக்கு என் பேரு கூட வராது. நான் படிச்சது உருது மீடியம். அவ அம்மா ஆம்பூர், அதுவும் உருதுதான். வேல செய்ற பசங்க நாலு பேரும் கல்கத்தா சைடு."

"கடைல?"

"கடைலயும் அவதான் மேடம். ஆர்டர் நோட்டு எழுதறதே அவதான். சனி, ஞாயிறு ஸ்கூல் இல்லாதப்ப குந்தும். இப்ப அதுவும் மாட்டேன்னுடுச்சி. தப்பா எழுதிடுவேன்னு பயம்மா கீதுங்குது. ரெண்டு வருசமா ஒரு தப்பு எழுதல, இப்ப இன்னா பயம்னு கேக்கறேன், வாயே தொறக்க மாட்டேங்குது."

ஆர்டர் நோட்டு என்றால் என்ன என்று கேட்டேன். அவர் விளக்கினார். கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் கடையில் நின்று ஒன்று சொல்வார்கள், நாற்பது நாள் கழித்து வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்கள். பிரிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. அதனால் அவர் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வந்தவர் சொல்வதைத் தமிழில் அப்படியே எழுதி, அவரையே படிக்கச் சொல்லி, கீழே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது, அடித்தால் பின்னால் மாற்றிவிட்டீர்கள் என்று சண்டை வரும். எழுதியதை அவள் வேலையாட்களுக்கு அவர்கள் மொழியில் சொல்வாள். முன்பு பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் ஐந்தாம் வகுப்பு வந்ததும், நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டாளாம்.

போனில் ஒரு பக்கத்தைக் காட்டினார். அதே கையெழுத்து. அளவுகள் எல்லாம் எழுதிய பிறகு இப்படி இருந்தது: "முதுகில் மயில் வேண்டாம். மயில் இருந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் மயிலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், தாலி கட்டுவதைப் பார்க்க மாட்டார்கள் என்று அக்கா சொல்கிறார். அக்காவின் அம்மாவுக்கு மயில் வேண்டும். இருவரும் பேசிவிட்டு நாளைக்குப் போன் செய்வார்கள்." அதன் கீழே இரண்டு கையெழுத்துகள் இருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைப்பதுபோலக் கழற்றினேன். எத்தனை மாமிகள், எத்தனை மணப்பெண்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் கடை வைத்திருக்கும் எத்தனை வீட்டுப் பெண்கள் அந்தக் கடை வாசலில் நின்று பேசியிருப்பார்கள்? அவர்கள் பேசியதை எல்லாம் இரண்டு வருஷமாகக் காதில் வாங்கி, ஒரு முறையிலேயே சரியாக எழுதிப் பழகிய கை அது. நான் தலைப்புக்காகப் பஸ்ஸில் ஒட்டுக்கேட்டுக்கொண்டு வருகிறேன். இந்தப் பெண் அதையே வேலையாகச் செய்துகொண்டிருக்கிறாள். அடித்தல் இல்லாத பக்கம், தமிழ் எழுதத் தெரியாத வீடு, என்னிடம் இருந்த இந்த இரண்டு தடயங்களும் அவள் எழுதியதற்கான சாட்சிகள். அவற்றை வைத்துத்தான் அவளைக் குற்றவாளியாக்கியிருக்கிறேன்.

நடந்ததை அவரிடம் சொன்னேன். "எல்லார் முன்னாடியுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். படிவத்தை மேஜையில் வைத்துவிட்டு, "அது இன்னா சொல்லுதோ அதே பண்ணிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியையிடம் போனேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று சொன்னதும் அவருக்குப் பகீரென்றது.

"தனியா கூப்பிட்டு ஒரு சாக்லேட் குடுத்து சமாதானம் சொல்லிடுங்களேன். கிளாஸ்ல சொன்னா அப்புறம் பசங்க உங்க தலைமேல ஏறி உக்காருவாங்க."

"எல்லார் முன்னாடியும் சொன்னேன் மேடம், தனியா எப்படி வாபஸ் வாங்கறது?"

"உங்க இஷ்டம்" என்றார்.

வாய் வீரமாகப் பேசிவிட்டேனே தவிர, அந்த வாரம் முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பெரியவர்களிடமும் பெரிதாகப் பழக்கமில்லை, என் கணவரைக் கேட்டால் சொல்வார். பஸ்ஸில் வரும்போது வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். எல்லாமே முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரையோடு வந்தன. தவறுகளின் காரணங்கள். தவறுகளின் தீமைகள். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பாட்டிலைக் குலுக்கவில்லை. அவளை எழுப்பவும் இல்லை, நான் எழுந்து நின்றேன்.

"நாலு வாரத்துக்கு முன்னாடி உங்க முன்னாடி ஒருத்தியத் திருடின்னு சொன்னேன். அந்த வார்த்தைய சொல்லல, ஆனா அதான் அர்த்தம். அவ எழுதினத அவதான் எழுதினா. வீட்ல உருது பேசறவங்களுக்குத் தமிழ் வராதுன்னு நான் நெனச்சேன். அது என் முட்டாள்தனம். அவ எழுதின மாதிரி எனக்கு எழுத வரலன்னு பொறாமையும் பட்டேன். நீங்க சிரிச்சதும் என்னாலதான். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கம்மா."

மற்ற இருபத்தைந்து பேரும் என்னைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். "சரி மிஸ், பரவால்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். என் கணக்கு அங்கேயும் தப்பிவிட்டது.

"அத நீங்க அன்னிக்குக் கிளாஸ்ல படிக்கலையே மிஸ்" என்றாள்.

"இப்பப் படிக்கட்டுமா?"

"வேணாம் மிஸ். நான் படிக்கறேன்."

நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பேச்சில் திக்குவதுபோலவே படிப்பதிலும் திக்கினாள். யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறி வரி வந்தபோது பின்பெஞ்சில் ஒரு பையன் தன்னை மறந்து "செம" என்றான். நாற்பது நாள் வேலை என்ற கடைசி வரியோடு நிறுத்துவாள் என்று நான் கைதட்டத் தயாரானேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். சிவப்பு மையில் நான் எழுதியிருந்ததற்கு மறுபக்கத்தில், எப்போது எழுதினாளோ தெரியாது, நான்கு வரி இருந்தது. அதையும் படித்தாள்.

"எங்கள் வகுப்பிலும் ஒரு நாள் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு பேச்சு நின்றது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். மிஸ் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்."

என்னால் கைதட்ட முடியவில்லை. பிள்ளைகள்தான் தட்டினார்கள், முதலில் தயங்கி, பிறகு பெஞ்சு அதிர. எனக்கு அவமானமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது, இந்த வகுப்பை நான் கேட்டு வாங்கியது சரிதான். நோட்ஸ் போடுகிறவர் எவராலும் அந்த நான்கு வரியை எழுதியிருக்க முடியாது.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவள் மேஜைக்கு வந்தாள். ஸ்டாஃப் ரூமிலிருந்து கொண்டுவந்திருந்த படிவம் அங்கேயே இருந்தது. அதைக் கிழித்துப்போடச் சொல்வாள் என்று எனக்கு ஓர் ஆசை.

"கையெழுத்துப் போடுங்க மிஸ்."

"இன்னும் போகணுமா?"

"தெரில மிஸ்."

"அப்ப எதுக்கு இப்பவே கையெழுத்து?"

"நீங்க மறுபடியும் அப்படிப் பண்ணீங்கன்னா, அன்னிக்கு வந்து கேட்டா போடுவீங்களோ மாட்டீங்களோ? இப்பவே போட்டுக் குடுத்துட்டா எங்கிட்ட இருக்கும்."

அவள் அப்பாவிடம் வந்த வாடிக்கையாளர் மாதிரிதான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். கையெழுத்தைப் போட்டேன். தேதி போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். படிவத்தை நான்காக மடித்து நோட்டின் பழுப்பு அட்டைக்குள் செருகிக்கொண்டாள். இன்றைக்குக் கடையில் மூன்று பேர் வருகிறார்கள், ஆர்டர் எழுத வேண்டும் என்று ஓடினாள்.

இந்த வருஷம் அவள் எட்டாம் வகுப்பு. படிவம் இன்னும் ஆபீசுக்குப் போகவில்லை. நோட்டு மாறியபோது அதைப் பழைய அட்டையிலிருந்து எடுத்துப் புது அட்டைக்குள் வைத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நான் முன்னைப்போலவே கண்டிப்பாகத்தான் இருக்கிறேன். அவள் வரிகளிலும் குறை சொல்கிறேன், போன வாரம் ஒரு பக்கத்தையே வெட்டச் சொன்னேன். ஆனால் யார் எழுதியது என்று கேட்க வேண்டியிருந்தால் நோட்டுக்குள் குனிந்துகொண்டு கேட்பதில்லை, முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு மணி அடித்ததும் மாடிப்படியில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள், வலது பக்கம் செஸ், இடது பக்கம் எங்கள் அறை. அவள் இடது பக்கம் திரும்பி உள்ளே வந்து பையைக் கழற்றி வைக்கிறவரை நான் நாற்காலியில் உட்காருவதில்லை.